ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

என் முகத்தைப் பார்த்து ஒருவர் எனக்கு வேலை தந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பக்கம் ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். மனைவி விடியவே பஸ் எடுத்து மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்விடுவாள். எனக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பின்னேர வேலை, மூன்று மணிக்குத் தொடங்கும். ஆகவே காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணிவரை வீட்டில் இரண்டே பேர், நானும் மாமாவும். மாமா என்றால் மனைவியின் தகப்பன். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் அடி வாங்கி எஞ்சினியர் ஆனவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று சங்கக் கடைத் தராசில் மூட்டை நிறுத்தவன். எங்கள் கலியாணம் எப்படி நடந்தது என்று மாமாவுக்கு அதுவரை விளங்கவில்லை.

அவர் சோபாவில் இருப்பார். நான் வீட்டின் மற்ற இடங்களில் இருப்பேன். சமையலறையில் கரண்டி சத்தம் கேட்டால் கேள்வி வரும்.

“உப்புப் போட்டாச்சோ?”

“ஓம் மாமா.”

“எவ்வளவு?”

“அளவாய்.”

“அளவாய் எண்டால் எவ்வளவு?”

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவேன். மாமா வெளியே போகமாட்டார். மாரியில் குளிர், கோடையில் வெயில், இடையில் மழை. அவரோடு சேர்த்து எங்கள் கட்டடத்தில் இப்படிப் பதினாறு முதியவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னால்.

கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில், பெரிய அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. உள்ளே பழைய சைக்கிள்களும் யாரோ விட்டுப்போன மெத்தையும். அதைத் துப்புரவாக்கி, கதிரை போட்டு, தேநீருக்குக் கேத்தலும் வைத்து, வாரத்தில் மூன்று காலை முதியவர்கள் கூடியிருக்கத் தரலாம் என்று கட்டட நிர்வாகத்தில் ஒரு பேச்சு வந்தது. ஆனால் தேவை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்களாம். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து முதியவர்களின் திருப்தியை அளப்பார்கள். திருப்தி குறைவென்றால் அறை கிடைக்கும். கூடவென்றால் சைக்கிள்கள் அங்கேயே இருக்கும்.

அந்த அறையை என்னைவிட அதிகமாக விரும்பியவர் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்க முடியாது. வாரத்தில் மூன்று நாள், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணிவரை, ஒரு கேள்வியும் இல்லாமல் வெங்காயம் வெட்டலாம்.

ஆய்வுக்கு வந்தவர் எங்கள் ஆட்களில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். சின்ன வயதிலேயே கனடாவுக்கு வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வேகமாகப் பேசினால் ஆங்கிலத்துக்குள் போய்விடுவார். வீடு வீடாகக் கேள்வி கேட்கக் கட்டடத்திலேயே ஓர் ஆள் தேவை என்றார். வாசலில் கூடியிருந்த ஆண்கள் எல்லோரும் அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். நான் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணை, நீங்கள் மட்டும் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

“உங்களைத்தான் தேடினனான்” என்றார்.

கேள்வி கேட்பவருடைய முகத்தில் எதுவும் தெரியக்கூடாதாம். தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஐயோ என்று சொல்லக் கூடாது. முகத்தைப் பார்த்து மற்றவர் பதிலை மாற்றிவிடுவார். “உங்கட முகத்தில ஒண்டுமே இல்லை அண்ணை. பெர்ஃபெக்ட்” என்றார். இதை மனைவியிடம் சொன்னபோது, “இருபது வருசமாய் நான் அதைத்தானே குறையெண்டு சொல்லுறன்” என்றாள்.

எனக்கு ஒரு கட்டுப் படிவமும் ஒரு தடித்த அட்டையும் தந்தார். அட்டையில் ஒன்றிலிருந்து ஐந்துவரை இலக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வசனம். ஒன்று என்றால் ‘முற்றிலும் திருப்தியற்ற நிலை’. ஐந்து என்றால் ‘முற்றிலும் திருப்தியுற்ற நிலை’. நடுவில் மூன்றுக்கு ‘திருப்தியும் அதிருப்தியும் அற்ற நிலை’ என்றிருந்தது. யார் எழுதிய தமிழோ தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வரியையும் சத்தமாக வாசிக்க வேண்டும், மறக்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

முதலாவது வீடு ஒன்பதாம் மாடியில், ஊரில் தபாலதிபராக இருந்த ஒரு ஐயா. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டையை எடுத்து முதலாவது வரியை வாசித்தேன். காது சுட்டது. இரண்டாவது வரிக்குக் குரல் நடுங்கி ஏதோ ராகம்போல ஆகிவிட்டது.

“என்ன தம்பி, தேவாரம் பாடுறீரோ?” என்றார்.

அத்தோடு அட்டை முடிந்தது. அதைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, “ஒண்டிலயிருந்து அஞ்சுக்கை எத்தினை ஐயா?” என்று மட்டும் கேட்டேன். சுகமாக இருந்தது. மற்ற வீடுகளிலும் அப்படியே கேட்டேன். யாரும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணாடியும் வேறு அறையில் இருந்தது.

ஒன்று எது, ஐந்து எது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மூட்டை நிறுத்தவனுக்கு ஐந்து என்றால் ஒன்றைவிடப் பாரம் கூட. அதில் என்ன சொல்ல இருக்கிறது?

பதில்கள் வந்தபோது எனக்கு மனம் உருகியது. எங்கள் சனம் வெளியாளிடம் வீட்டுக் குறையைச் சொல்லாது என்று நினைத்திருந்தேன். சொல்லிவிட்டார்கள். சாப்பாடு எப்படி, ஒன்று. நித்திரை எப்படி, ஒன்று. இந்த நாட்டு வாழ்க்கை எப்படி, ஒன்று. அதையும் முகம் மலர்ந்து சொன்னார்கள். துக்கத்தை இப்படிச் சுமக்க முடியுமா என்று வியந்தேன். ஐந்தாம் மாடியில் ஓர் அன்ரி, மகன் பக்கத்தில் நிற்கிறபோதே, “என்ர பிள்ளை தங்கம். ஒண்டு போடும் தம்பி” என்றார். வாயால் தங்கம், இலக்கத்தால் தகரம். என்ன கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். நாலைந்து பேர் மட்டும் ஐந்து சொன்னார்கள். பாவம், பயந்தவர்கள்.

கடைசியாக மாமா. அவர் சோபாவில் இருந்தார். நான் எதிரே ஒரு கதிரை போட்டு இருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒன்று, ஒன்று என்று விறுவிறுவென்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிக் கேள்வி, கூட இருக்கும் குடும்பத்தார் அவரைக் கவனிக்கும் விதம். வேறு யாரையாவது அனுப்பிக் கேட்டிருக்கலாம்.

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒண்டு” என்றார்.

என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அது எனக்கு நிச்சயம். ஒன்று எழுதச் சுலபமான இலக்கம், ஒரு கோடு. அடுத்த நாள் பருப்புக்கு உப்புப் போடவில்லை. “உப்பு?” என்று கேட்டார். “மறந்துபோனன் மாமா” என்றேன். மறக்கவில்லை.

ஆனாலும் அறை நிச்சயம் என்ற சந்தோஷம் இருந்தது. இவ்வளவு துன்பப்படும் சனத்துக்கு அறை கொடாமல் விடுவார்களா?

இரண்டு மாதம் கழித்துப் பங்குபற்றியவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு எழுந்து நின்றார். பகலில் அவர் சோபாவைவிட்டு எழும்புவது பெரிய விஷயம்.

“என்ன எழுதியிருக்கினம் தெரியுமோ? இந்தக் கட்டடத்துப் பெரியாக்கள் மிகவும் துயரத்தோட வாழினமாம்! ஆர் சொன்னது?”

“நீங்கள்தான் மாமா.”

“நானோ? நான் எல்லாத்துக்கும் ஒண்டெல்லோ சொன்னனான்!”

“ஓம் மாமா. ஒண்டெண்டால் கூடாது, மோசம்.”

“ஒண்டெண்டால் கூடாதோ?” மாமா என்னைப் பார்த்த பார்வையில் ஐந்தாம் வகுப்பு எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது. “முதலாம் பிள்ளை எண்டால் ஆர்? வகுப்பில கெட்டிக்காரப் பிள்ளை. அஞ்சாம் பிள்ளை எண்டால் நாலு பேருக்குப் பிறகு வாறது. உலகத்தில எங்கையாவது முதலாம் பிள்ளையைத் திறமில்லை எண்டு சொல்லுவினமோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமாவுக்கு இலக்கம் என்றால் வரிசை. எனக்கு இலக்கம் என்றால் பாரம். வாத்தியாரும் தபாலதிபரும் கந்தோரில் பேனா பிடித்தவர்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும், ஒன்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்து சொன்னவர்களை நினைத்துப் பார்த்தேன். ஒருவர் கடை வைத்திருந்தவர், இருவர் புகையிலை விற்றவர்கள், ஒருவர் மீன் ஏலம் கூறியவர். எல்லோரும் தராசுக்காரர். பதினாறு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை என்று. எங்கள் சனம் எங்கள் சனமாகவே இருந்திருக்கிறது.

“உம்மட கவனிப்புக்கும் ஒண்டெண்டுதானே சொன்னனான்!” என்று மாமா கத்தினார்.

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

“என்ன பல்லைக் காட்டுறீர்? இது சிரிக்கிற விசயமோ?”

அன்று மத்தியானமே மாமா ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். இந்தக் கட்டடத்து முதியவர்களாகிய நாங்கள் பூரண மகிழ்ச்சியோடு வாழ்கிறோம், பிள்ளைகள் எங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள், கீழே கையொப்பமிடுகிறோம். பதினாறு கோடு போட்டு என்னிடம் நீட்டினார், வீடு வீடாக வாங்கி வரும்படி.

“இதை அனுப்பினால் அறை கிடையாது மாமா.”

“அறைக்காக அழோணுமோ? மானம் போச்சுது, அறையாம்.”

என்னுடைய நேர்மையால் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்தக் கடிதத்தால்தான் சொன்னேன். கடிதம் போனால் எப்படியும் பிடிபடுவேன். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து ஆய்வுப் பெண்ணுக்கு ஃபோன் எடுத்தேன். ஆள் இருக்கமாட்டார், மெசினில் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்பது திட்டம். அவரே எடுத்தார்.

“தங்கச்சி, நான் அட்டையை வாசிக்கேல்லை.”

“எந்த வீட்டில அண்ணை?”

“ஒரு வீட்டிலயும்.”

பிறகு முதலாம் பிள்ளைக் கதையையும் தராசுக் கதையையும் சொன்னேன். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஃபோனில் தெரியவில்லை. “ஓ மை காட்” என்று நாலு தடவை சொன்னார்.

“அப்ப எல்லாத்தையும் தலைகீழாப் பிரட்டி விட்டால் சரியோ?” என்று கேட்டேன்.

“இல்லை அண்ணை. கொஞ்சப் பேர் நேராச் சொல்லியிருக்கினம், கொஞ்சப் பேர் பிரட்டிச் சொல்லியிருக்கினம். இனி ஒவ்வொருத்தரிட்டயும் நீங்கள் முந்தி என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கிறதே?” மூச்சு வாங்கினார். “இப்ப வாசிச்சுக் கேட்டால் என்ன சொல்லுவினம்?”

“எல்லாம் திறம் எண்டுவினம்.”

“அது உண்மையோ?”

நான் சோபாவைப் பார்த்தேன். மாமா கடிதத்தைத் திரும்ப வாங்கி மூன்றாவது தடவை திருத்திக்கொண்டிருந்தார். “தெரியாது” என்றேன்.

ஒரு கிழமை கழித்துப் புதிய படிவத்தோடு வந்தார். அதில் திருப்தி இல்லை, நிலை இல்லை, அட்டையும் இல்லை. அவருடைய பேராசிரியர் சொன்னாராம், அபிப்பிராயம் கேட்க வேண்டாம், எண்ணச் சொல்லுங்கள் என்று. போன கிழமை எத்தனை நாள் வீட்டுக் கதவைத் தாண்டி வெளியே போனீர்கள்? வீட்டு ஆட்களைத் தவிர எத்தனை பேரோடு கதைத்தீர்கள்? இந்தத் தடவை அவரும் கூடவே வந்தார், நான் எதையும் சுருக்காமல் இருக்க.

மானத்தைக் காப்பாற்ற எல்லோரும் ஆயத்தமாக இருந்தார்கள். தபாலதிபர் ஐயா இஸ்திரி போட்ட சேட்டோடு இருந்தார்.

“எத்தினை பேரோட கதைச்சனீங்கள் ஐயா?”

“கன பேர்.”

“எத்தினை?”

“எண்ணிக்கொண்டோ இருக்கிறது?”

“இப்ப எண்ணுங்கோ ஐயா.”

விரலை மடக்கத் தொடங்கினார். ஒரு விரல் மடங்கியது. இரண்டாவது விரல் பாதியில் நின்றது. “மகள் லண்டனிலயிருந்து ஃபோன் எடுத்தவள். அது சேருமோ?” என்று கேட்டார். நான் கேள்வியைத் திரும்ப வாசித்தேன். விரலை நிமிர்த்திக்கொண்டார்.

கடைசியாக மாமாவிடம் வந்தோம். அவர் பூரண மகிழ்ச்சிக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் கேள்வியை ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தேன்.

“லிஃப்டில ஒருத்தன்” என்றார்.

“என்ன கதைச்சனீங்கள் மாமா?”

“கதவைப் பிடிச்சவன்.”

“அதுக்கு நீங்கள்?”

“தாங்க்யூ எண்டனான்.” யோசித்தார். “அது போன கிழமை இல்லை. அதுக்கு முதல் கிழமை.”

அவர் நினைத்திருந்தால் பத்து என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவருக்கு அபிப்பிராயத்தில் பொய் சொல்ல வரும், கூட்டலில் வராது. கடிதத்தை நாலாக மடித்தார்.

“சைபர் போடும்” என்றார்.

“இவர் இருக்கிறார்தானே அங்கிள், கதைக்கிறதுக்கு” என்று அந்தப் பெண் என்னைக் காட்டி, ஆறுதலாக ஏதோ சொல்லப் பார்த்தார்.

“வீட்டு ஆக்களை எண்ணக் கூடாதெண்டு நீர்தானே பிள்ளை போட்டிருக்கிறீர்” என்றார் மாமா. பிறகு, “எண்ணினாலும் பெரிசாய் வராது” என்றார்.

ஓம் மாமா, அளவாய், மறந்துபோனன். அதைத் தவிர அந்தக் கிழமை நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பதினாறு படிவத்தில் பத்துக்குச் சைபர். அதை வரிசையாகப் பார்த்தாலும் பாரமாகப் பார்த்தாலும் சைபர்தான். அறை தந்தார்கள். சைக்கிள்களை எடுத்து, சுவருக்கு மஞ்சள் அடித்து, இருபது கதிரை போட்டு, கேத்தலும் வைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி.

முதல் திங்கட்கிழமை மாமா லிஃப்டில் ஏழு மாடி இறங்குவதற்கு மாரிக்கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனார். நான் வெங்காயத்தை எடுத்து வைத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“ஒருத்தரும் இல்லை. கதிரையள்தான் இருக்குது.”

புதன்கிழமையும் அதுதான். பின்னேரம் ஆய்வுப் பெண் ஃபோன் எடுத்தார். ஒரு மாதம் ஆள் வராவிட்டால் அறையைத் திரும்பப் பூட்டிவிடுவார்கள் அண்ணை, என்ன நடக்கிறது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உடுப்புத் தோய்க்கக் கீழே போனபோது தெரிந்தது. தபாலதிபர் ஐயா நடந்து வந்தார். அறைக் கதவின் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தார். வெறும் அறை. உடனே, தோய்க்க வந்தவர்போல என் பக்கம் திரும்பினார். கையில் ஒரு துணியும் இல்லை. மெசின்களைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு லிஃப்டுக்குப் போனார். அவருக்குப் பிறகு அன்ரி ஒருவர், அதே மாதிரி. எல்லோரும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். முதலாவதாகப் போய் இருக்க ஒருவரும் ஆயத்தமில்லை. பேச ஆளில்லாமல் வந்து குந்தியிருக்கிறார் என்று ஊர் சொல்லும் அல்லவா?

தோய்த்த உடுப்பை மெசினுக்குள்ளேயே விட்டுவிட்டு மேலே போனேன்.

“மாமா, தபாலதிபர் ஐயா கீழை தனிய இருக்கிறார். கதைக்க ஒருத்தரும் இல்லை. பாவமாய் கிடக்கு.”

“தனியவோ?” மாமா ஏற்கெனவே கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். “எனக்கு முதலே தெரியும், அந்த மனுசனுக்கு ஒரு துணையும் இல்லையெண்டு.”

பிறகு ஒன்பதாம் மாடிக்கு ஓடினேன். “ஐயா, எங்கட மாமா கீழை தனிய இருக்கிறார்.”

“ஆர், மாஸ்டரோ? ச்சா, பாவம். நான் போறன், நீர் யோசியாதையும்.”

வாழ்க்கையில் அவ்வளவு கதவு நான் தட்டியதில்லை. தட்டிய வீட்டிலெல்லாம் ஒரே வசனம்தான், மாமா கீழே தனியாக இருக்கிறார். ஒருவரும் மறுக்கவில்லை. ஐந்தாம் மாடி அன்ரி பாவம் பாவம் என்று சொல்லியபடி ஒரு டப்பா முறுக்கையும் தூக்கிக்கொண்டு போனார்.

பத்தரைக்கு உடுப்பை எடுக்கக் கீழே போனபோது கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கேத்தல் கொதித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாமா என்னைக் கண்டுவிட்டார். எழுந்து வந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்து, குரலைத் தாழ்த்தி, “நல்ல காலம் நான் வந்தது. உதுகள் எல்லாம் ஒருத்தருமில்லாத சனம்” என்றார். “நீர் மேலை போம். எனக்கு வரச் சுணங்கும்.”

நான் உடுப்புக் கூடையோடு மேலே போனேன்.